நெட்வேர்க் வேலைக்குப் போக எதைப் படிப்பது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது கண்டியில் ஒரு நிறுவனத்தின் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போனால், தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு தம்பியோ தங்கச்சியோ பெறுபேற்றுத் தாளோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பாவோ அம்மாவோ நிற்பார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் பலமுறை பேசி அனுப்பியாயிற்று. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

நெட்வேர்க் வேலைன்னா என்ன அண்ணே? கம்பியூட்டர் ரிப்பேரா, இல்ல டவர்ல ஏறுறதா?

இரண்டும் இல்லை, இரண்டிலும் கொஞ்சம் உண்டு. டவுனில் வங்கிக்குப் போகிறீர்கள். கவுண்டரில் இருப்பவர் உங்கள் கணக்கு எண்ணைத் தட்டுகிறார். அது கொழும்பில் கணக்குகளை வைத்திருக்கும் பெரிய கணினிக்கு, அதாவது சேர்வருக்குப் போய், மிச்சம் எவ்வளவு என்ற பதிலோடு திரும்பி வருகிறது. அந்தப் பாதையைப் போடுவது, பாதுகாப்பது, அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது, இதுதான் நம் வேலை. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் அது இன்னொருவர் பாடு.

தொழிலுக்குள்ளே படிகள் இருக்கின்றன. கேபிள் இழுத்து, முனை அடித்து, ரெக்கில் சுவிட்ச் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) பூட்டுகிறவர் ஒருவர். என்.ஓ.சி. எனப்படும் கண்காணிப்பு அறையில் இரவு பகலாக முறை போட்டுத் திரையைப் பார்த்திருப்பவர் இன்னொருவர். அதற்கு மேலே, ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டும் ரவுட்டர், வேண்டாததைத் தடுக்கும் பயர்வோல் எல்லாவற்றையும் அமைக்கிறவர். இன்னும் மேலே முழு வலையமைப்பையும் வரைகிறவர். முதல் படியில் கால் வைத்தவர் நாலாவது படிக்குப் போகலாம். நான் கேபிள் இழுத்துத்தான் வந்தேன்.

ஏ.எல்.ல கலைப்பிரிவு. கணக்குன்னா காய்ச்சல் வரும். எனக்குச் சரிவருமா?

வரும். இதில் தேவைப்படும் கணக்கு அநேகமாக இரண்டை இரட்டித்துக்கொண்டே போவதுதான்: 2, 4, 8, 16 என்று 256 வரை. ஒரு உதாரணம் சொல்கிறேன். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி உண்டு, அதுதான் ஐபி முகவரி. 256 முகவரிகள் உள்ள ஒரு தொகுதியை நான்கு பகுதிகளுக்குச் சமமாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 64. அதில் முதலாவது, அந்தத் தொகுதியையே குறிக்கும் முகவரி. கடைசி, எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் முகவரி. இரண்டையும் கழித்தால் 62 கருவிகளுக்கு இடம். இது புரிந்துவிட்டால் பயப்படும் கணக்கில் பாதி முடிந்தது.

பொறியியல் பட்டத்துக்குக் கணிதப் பிரிவு வேண்டும், அதை மறைக்க முடியாது. நம் பாடசாலைகளில் தமிழ் மொழியில் கணித, விஞ்ஞானப் பிரிவு நடத்த ஆசிரியர் இல்லாததால் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அது உங்கள் மூளையின் குறை இல்லை. ஆனால் நெட்வேர்க் தொழிலுக்குப் பொறியியல் பட்டம் ஒன்றே வாசல் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சரி, என்னென்ன வழி இருக்கு? ஒரே மூச்சுல சொல்லுங்க.

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டம். அதற்கு உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளி வேண்டும். தொழில்நுட்பப் பிரிவில் தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்தவர்களுக்கு பி.ஐ.சி.டி. என்ற தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டமும் இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களில் அடங்கும். அனுமதியில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான தகுதி, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் இந்த 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாக. ஆகவே கண்டிக்காரரின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட்டு முன்கூட்டியே மனம் தளரவேண்டாம்.

அடுத்தது ஸ்லியேட் என்ற அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்கு நிறுவகங்கள் உண்டு. எந்த நிறுவகத்தில் எந்தக் கற்கைநெறி என்பதை அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் பாருங்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகள் தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி போன்ற அரச இடங்களில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. தனியார் பட்டங்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில், நெட்வேர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ போன்ற நிறுவனங்கள் தரும் சான்றிதழ்கள். அவற்றில் நம் ஆட்கள் வாயில் அதிகம் அடிபடுவது சிசிஎன்ஏ, சிஸ்கோவின் அடிப்படை நெட்வேர்க் சான்றிதழ்.

டிகிரியா, சிசிஎன்ஏவா? ஒண்ணு சொல்லுங்க அண்ணே.

இரண்டையும் தராசில் வைப்பதே பிழை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில். சிசிஎன்ஏ "இந்தப் பிள்ளைக்கு நாளைக்கே ஒரு சுவிட்சைக் கொடுக்கலாமா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்கிறது. பட்டம் "ஐந்து வருடத்துக்குப் பிறகு இவரை மனேஜர் ஆக்கலாமா, அரச பதவிக்கு எடுக்கலாமா, வெளிநாட்டு விசாவில் பொறியியலாளர் என்று போடலாமா?" என்பதற்குப் பதில். சிசிஎன்ஏ மூன்று வருடத்தில் காலாவதியாகும், பட்டம் ஆகாது. பட்டத்தில் படித்த ரவுட்டிங் பாடம் வேலைக்குப் போகும்போது மறந்திருக்கும், சிசிஎன்ஏ படித்தது விரலில் இருக்கும்.

அப்படியானால் எதை முதலில்? இங்கேதான் நம் வீட்டு நிலைமை வருகிறது. கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை நாலு வருடம் படித்து முடிக்கும் என்று நம்பித் திட்டம் போடலாம். நம் வீட்டில் அப்பாவுக்கு வருத்தம் வந்தாலோ, தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானாலோ படிப்பு நிற்கும். அதனால் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: "இந்தப் படிப்பை நடுவில் நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்?" பி.ஐ.டி.யில் முதல் வருடம் தேறினால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் தேறினால் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடம் பட்டம். என்.வி.கியூ.வில் ஒவ்வொரு மட்டத்துக்கும் தனிச் சான்றிதழ். சிசிஎன்ஏ சில மாதத்தில் முடியும். இரண்டாம் வருடத்தில் பணம் நின்றால் வெறும் கையோடு அனுப்பும் தனியார் பட்டமும் இருக்கிறது. அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் போய்ச் சேருங்கள். அங்கே உள்வாரிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல அல்லது உதவித்தொகையும் இருக்கிறது. மற்றவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் ஒரு வருடத்துக்குள் சம்பளம் தரக்கூடிய ஒன்று, அந்தச் சம்பளத்தில் பி.ஐ.டி. மாதிரி ஒரு பட்டம்.

என்.வி.கியூன்னா மேசன், தச்சு வேலைக்குத் தானே குடுக்குறாங்க?

அவர்களுக்கும் கொடுக்கிறார்கள், நமக்கும் கொடுக்கிறார்கள். தேசிய தொழிற் தகைமையில் 1 முதல் 7 வரை மட்டங்கள். 4 வரை தொழிற்சான்றிதழ்; 5 டிப்ளோமா; 6 உயர் டிப்ளோமா; 7 பட்டத்துக்குச் சமம். உயர்தரம் சித்தியடையாத பிள்ளையும் கீழிருந்து ஏறலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை. இந்த ஏணியில் வருகிறவர்களை மனதில் வைத்தே 2008ஆம் ஆண்டின் சட்டமொன்றால் இரத்மலானையில் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்தது. யுனிவொடெக் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஏணி நடுவில் அறுந்து நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. "எங்கள் நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டது" என்று விளம்பரம் போடுவார்கள். நிறுவனம் பதிவானது வேறு, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறி தரச்சான்று பெற்றது வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும். "இந்தக் கோர்ஸ் முடித்தால் என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?" என்று நேரே கேளுங்கள். மட்டத்தைச் சொல்லாமல் "அதற்குச் சமமானது" என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரைவேட் கெம்பஸ் ஒண்ணுல மூணு வருஷ டிகிரி. முதல் தவணை கட்டுனா லெப்டொப் ஃப்ரீயாம். சேரட்டா?

லெப்டொப்பைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பட்டத்தில் யார் பெயர் இருக்கும்? அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? முதல் இரண்டு வருடம் ஒரு உயர் டிப்ளோமா, கடைசி வருடம் வெளிநாட்டுப் பட்டம் என்று இரண்டு துண்டாக இருந்தால், கடைசித் துண்டுக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனது. பவுண், டொலர் கணக்கில் கட்டவேண்டியிருந்த பிள்ளைகள் அந்த வருடம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன்.

நானும் ஏமாந்தவன்தான். உயர்தரம் முடித்த கையோடு டவுனில் ஒரு நிறுவனத்தில் நெட்வேர்க் டிப்ளோமா என்று சேர்ந்தேன். அம்மாவின் சீட்டுக்காசு. சான்றிதழ் தங்க எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. முதல் நேர்முகப் பரீட்சையில் அதைப் பார்த்தவர் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி தம்பி, வீலேன் என்றால் என்ன?" என்று கேட்டார். ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை அது. எனக்குத் தெரியவில்லை.

தனியார் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. மாலபேயில் இருக்கும் ஸ்லிட் போன்ற இடங்களில் கணினி முறைமை மற்றும் வலையமைப்புப் பொறியியல் என்று தனியாகவே ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் பட்டங்களைப் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 முதல் இருக்கிறது. வீட்டு நகையை அடகு வைப்பதற்கு முன் அதற்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பாருங்கள். வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான்.

சிசிஎன்ஏ எழுத எவ்வளவு செலவு? கொழும்புக்குப் போகணுமா?

பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி தனி. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 90,000 ரூபாய். 120 நிமிடம். முன் தகைமை எதுவும் கேட்கமாட்டார்கள். சாதாரண தரம் எழுதாதவரும் எழுதலாம். தவறினால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி, அதற்கும் முழுக் கட்டணம்.

பியர்சன் வியூ பரீட்சை நிலையத்தில் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். வீட்டில் எழுதுவதற்கு எதிராகத்தான் நான் எப்போதும் பேசுவேன். கெமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும், அறைக்குள் யாரும் வரக்கூடாது, இணைப்பு அறுந்தால் பரீட்சையே போய்விடலாம். லயத்துக் காம்பிராவில் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், அம்மா தேத்தண்ணியோடு கதவைத் திறப்பார், மழை வந்தால் கரண்ட் போகும். 90,000 ரூபாயை அந்தச் சூதில் வைக்கவேண்டாம். பஸ் ஏறி நிலையத்துக்கே போங்கள், முதல் நாளே போய்த் தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

வகுப்புக்குக் கட்டச் சொல்லி தனியா கேக்குறாங்க. வகுப்பு இல்லாம முடியுமா? ரவுட்டர் வாங்கணுமா?

ரவுட்டர் வாங்கவேண்டாம். பெக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அகடமி தளத்தில் பதிந்தால் இலவசம். பழைய லெப்டொப்பிலும் ஓடும். பொய் ரவுட்டர், பொய் சுவிட்ச், பொய் கேபிள், ஆனால் கட்டளைகள் நிஜம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத டிவிசனிலும் பயிற்சி செய்யலாம். மெமரி அதிகமுள்ள லெப்டொப் கிடைத்தபிறகு ஜி.என்.எஸ்.3 என்ற இன்னும் கனமான பயிற்சி மென்பொருள் பக்கம் போங்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை, அகடமியின் சிசிஎன்ஏ பாடம் மூன்று பகுதிகளாக வரும்: ஒன்று அடிப்படை; இரண்டு சுவிட்சிங், ரவுட்டிங், வயர்லஸ்; மூன்று பெரிய நிறுவன வலையமைப்பும் பாதுகாப்பும் தன்னியக்கமும். முதல் பகுதியை நீங்களே முயன்று பாருங்கள். அதைத் தனியாகத் தாண்டியவருக்கு வகுப்பு தேவையில்லை. தாண்ட முடியாதவர் வகுப்புக்குப் போவதில் வெட்கம் இல்லை. பரீட்சையின் மொத்தப் புள்ளியில் ஐபி இணைப்புக்கு 25 சதவீதம், அடிப்படைக்கு 20, சுவிட்சிங் பக்கத்துக்கு 20, பாதுகாப்புக்கு 15. மிச்சம் ஐபி சேவைகளுக்கும் தன்னியக்கத்துக்கும் பத்துப் பத்து. நேரத்தை அந்த அளவில் பிரியுங்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன முகவரிக் கணக்கை தினமும் பத்து நிமிடம், வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூடச் செய்யலாம்.

எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கு. அதுதான் பயம்.

சிசிஎன்ஏ தமிழில் இல்லை, பி.ஐ.டி.யும் ஆங்கிலம், டிப்ளோமாக்களும் அப்படியே. சுற்றிவளைக்க வழியில்லை. ஆனால் இது கவிதை ஆங்கிலம் இல்லை. சில நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு கொப்பியில் இடப்பக்கம் அந்தச் சொல், வலப்பக்கம் உங்களுக்குப் புரிந்த தமிழ் விளக்கம் என்று எழுதுங்கள். எனக்கு அந்தக் கொப்பி எந்த வகுப்பையும்விட உதவியது. பேச்சு ஆங்கிலம் வேறு விஷயம். அது நேர்முகப் பரீட்சைக்கு வேண்டும், அதற்குத் தனியாக உழைக்கவேண்டும். சிங்களம் பேசத் தெரிந்தால் வேலைத்தளத்தில் பாதிப் பிரச்சினை தீரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிச்சா கொழும்புதானா? நம்ம பக்கத்துல வேலையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு முகம். நுவரெலியா, எல்ல, பண்டாரவளைப் பக்கம் ஹோட்டல்களுக்கு விருந்தினர் வைபை வேண்டும். தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) கெமரா, தோட்ட அலுவலகங்களில் இணைப்பு, வங்கிகள், ஆஸ்பத்திரிகள். இந்த இடங்களில் சிஸ்கோவைவிட மைக்ரோடிக் என்ற நிறுவனத்தின் கருவிகளை அதிகம் காண்பீர்கள், விலை அப்படி. மைக்ரோடிக்கின் முதல் மட்டச் சான்றிதழான எம்.டி.சி.என்.ஏ. நம் பகுதிக்குப் பெறுமதியானது. ஆனால் அதன் பரீட்சையைப் பயிற்சி வகுப்பின் முடிவில்தான் வைப்பார்கள், தனியாகப் படித்துவிட்டு எழுத முடியாது.

மலையில் வேலை செய்வதற்கென்றே ஒரு அறிவு இருக்கிறது, அதை எந்தக் கோர்ஸும் முழுதாகச் சொல்லித் தராது. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மழை பிடிக்குமே, அந்தக் காலத்தில்தான் எனக்கு அழைப்புகள் அதிகம் வரும். அலுவலகத்திலிருந்து ஸ்டோருக்குச் செம்புக் கேபிள் இழுத்திருப்பார்கள். எங்கோ விழுந்த மின்னல் அந்தக் கேபிள் வழியே வந்து இரண்டு முனையிலும் சுவிட்சைச் சுட்டுவிட்டுப் போகும். செம்புக் கேபிளுக்கு 100 மீற்றர் எல்லை என்பது புத்தகத்தில் இருக்கிறது. 60 மீற்றராக இருந்தாலும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) தான் போடவேண்டும், கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதைப் பட்டுத்தான் கற்றோம். எர்த் சரியில்லாத இடத்தில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் வெறும் அலங்காரம்.

அடுத்தது வயர்லஸ் லிங்க். எதிர் மலைக்கு எறிந்தால் கேபிளே வேண்டாம். மூடுபனி வந்தால் லிங்க் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். இந்த லிங்க்குகள் ஓடும் ஐந்து கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பனி பெரிதாக ஒன்றும் செய்யாது. உண்மையான எதிரி மரம். இந்த வருடம் நேராகத் தெரிந்த டிஷ்ஷை அடுத்த இரண்டு வருடத்தில் சவுக்கும் யூகலிப்டஸும் வளர்ந்து மறைக்கும். கோடு தெரிந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றியும் வெளி வேண்டும். இதையெல்லாம் கையால் செய்தவர் கொழும்பு நேர்முகப் பரீட்சையில் பேசினால் எதிரே இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்பார். ஆனால் பெரிய சம்பளமும் பெரிய கருவிகளும் கொழும்பில்தான். இரண்டு வருடம் இங்கே, பிறகு அங்கே என்பது மோசமான திட்டம் இல்லை.

மகளை இதுல சேர்க்கலாமா தம்பி? ராத்திரி வேலைன்னு சொல்றாங்களே.

சேருங்கள் அக்கா. நான் வேலை கற்றதே ஒரு தங்கச்சியிடம், வயதில் என்னைவிட நாலு வருடம் இளையவர். என்.ஓ.சி. வேலையில் இரவு முறை உண்மைதான். வேலைக்குச் சேரும்போதே இரவு முறைக்கு வாகனம் உண்டா, தங்குமிடம் உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். அமைக்கிற வேலை, பாதுகாப்புப் பக்கம், வடிவமைப்பு எல்லாம் அநேகமாகப் பகல் நேர மேசை வேலை. முதல் இரண்டு மூன்று வருடம்தான் இரவு முறை கூடுதலாக இருக்கும். ஆண்பிள்ளைக்கும் அது கஷ்டம்தான், அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மூணு வருஷமா கெமரா பூட்டுறேன், கேபிள் வேலை எல்லாம் தெரியும். பேப்பர் ஒண்ணும் இல்ல. முதல்ல இருந்து படிக்கணுமா?

வேண்டாம். என்.வி.கியூ.வில் முன்கற்றலை ஏற்றுக்கொள்ளும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, உங்கள் வேலை அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் சான்றிதழ் வாங்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்து ஒவ்வொரு வேலையையும் படம் எடுங்கள், எந்த இடம், எத்தனை கெமரா, எந்தச் சுவிட்ச் என்று எழுதி வையுங்கள், முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அது கையில் வந்தபின் மேலே சொன்ன ஏணி.

உங்களுக்கு இருக்கும் ஆபத்து வேறு. கெமரா வேலையில் தினக்காசு வரும், அதனால் படிப்பு தள்ளிப்போகும். ஐபி முகவரி ஏன் அப்படிப் போடுகிறோம் என்று தெரியாமலே பத்து வருடம் கெமரா பூட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

டம்ப் மனப்பாடம் பண்ணினா சிசிஎன்ஏ பாஸ் ஆகலாம்னு சொல்றாங்க. உண்மையா?

திருடிய கேள்வித்தாளைத்தான் டம்ப் என்கிறார்கள். சிலர் அப்படிச் சித்தியடைந்தார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, பிறகு பரீட்சை எழுதவும் தடை. பிடிபடாவிட்டாலும் என் கதைதான்: மேசையில் கவிழ்ந்த சான்றிதழும் ஒரு சின்னக் கேள்வியும். நான் இப்போது மேசையின் அந்தப் பக்கம் இருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கல்ஃப் போறதுக்கு எது வேணும்?

தொழில்நுட்பவியலாளர் என்ற பெயரில் போக என்.வி.கியூ., சிசிஎன்ஏ, அனுபவக் கடிதம் என்று சேர்ந்தால் போதும். பொறியியலாளர் என்ற பதவிப் பெயர் வேண்டுமென்றால் பட்டம் கேட்பார்கள். சவூதியில் அந்தப் பெயரில் வேலை செய்ய அந்நாட்டுப் பொறியியலாளர் பேரவையில் பதியவேண்டும். பதவிப் பெயர் மாறினால் சம்பளமும் குடும்ப விசாவும் மாறும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தவேண்டி வரும். முகவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

சிசிஎன்ஏ முடிச்சாச்சு, வேலையும் இருக்கு. அடுத்தது சிசிஎன்பியா, எம்.எஸ்.சி.யா, க்ளவுடா?

பட்டம் இல்லையென்றால் பட்டம். சிசிஎன்ஏக்கு அடுத்த மட்டமான சிசிஎன்பி மேல் சிசிஎன்பி அடுக்கியும், அரச வேலைக்கான வர்த்தமானி அறிவித்தலில் "பட்டம் அல்லது என்.வி.கியூ. இன்ன மட்டம்" என்ற வரியைத் தாண்ட முடியாமல், வர்த்தமானி வரும் வெள்ளிக்கிழமைதோறும் பெருமூச்சு விடுகிற நண்பர் எனக்கு உண்டு.

பட்டம் இருக்கிறதென்றால், தினமும் எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள். ரவுட்டரும் சுவிட்சும் என்றால் சிசிஎன்பி. ஒரு மையப் பரீட்சை, ஒரு சிறப்புப் பரீட்சை. முதலாவது 400 டொலர், இரண்டாவது 300. அதில் தேறினால் சிசிஎன்ஏயும் தானாகப் புதுப்பிக்கப்படும். உங்கள் நிறுவனம் சேர்வர்களை க்ளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சேர்வர்களுக்கு) கொண்டுபோகிறதென்றால் லினக்ஸ் இயங்குதளமும் பைதன் நிரல்மொழியும் முதலில், க்ளவுட் சான்றிதழ் அதற்குப் பிறகு. எம்.எஸ்.சி. கற்பிக்கவோ நிர்வாகத்துக்கோ போக நினைப்பவர்களுக்கு. "சும்மா இருக்கவேண்டாமே" என்று எம்.எஸ்.சி. செய்வது விலை கூடிய சும்மா.

ஒரே வாரத்துல ரெண்டு வந்துருச்சு அண்ணே. தூரத்துப் பல்கலைக்கழகத்துல பி.ஐ.சி.டி. கிடைச்சிருக்கு. ஒரு கம்பெனியில ட்ரெய்னியாவும் எடுத்துட்டாங்க. வீட்ல வேலைக்குப் போங்கிறாங்க.

இதுதான் எனக்கு வந்ததிலேயே கடினமான கேள்வி. பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் மாதக் கணக்கில் யோசிக்கவேண்டியவர்கள். ஆனாலும் பல்கலைக்கழகம் என்பேன். நாலாவது கேள்வியில் சொன்ன "நடுவில் நின்றால்" என்ற பயம் இங்கே குறைவு. கட்டணம் இல்லை, கைச்செலவுக்கு உதவித்தொகை உண்டு. தவிர, ட்ரெய்னி வேலை இன்னொரு முறை வரும். இசட் புள்ளி இன்னொரு முறை வருமா தெரியாது.

வீட்டில் உண்மையிலேயே அடுப்பு எரியாத நிலைமை என்றால் பேச்சு வேறு. அப்போது வேலைக்குப் போய், அதே வருடம் பி.ஐ.டி.யில் பதியுங்கள், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விடவேண்டாம். எதுவானாலும் முடிவெடுப்பதற்கு முன் இரண்டு கடிதத்தையும் எடுத்துத் திகதியைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிவுக்குக் கெடு இருக்கும், தாண்டினால் இடம் போய்விடும். கம்பெனிக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டால் அநேகமாகத் தருவார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா அம்மாவைப் பேச வைத்து எனக்கு அழையுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகென்றால் நல்லது.